இறக்கத்தில் எக்சிலேட்டர்

என் வீட்டுக்காரர் வலது கையால் பிளேன் ஓட்டினார், இடது கை வேலையை நான் பார்த்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்று இதைச் சொன்னால் என்னை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அதனால் அங்கே சொல்வதில்லை.

நிஜமான பிளேன் இல்லை. மகள் வீட்டு முன்னறையில், மாப்பிள்ளையின் கொம்பியூட்டருக்குள் பறக்கிற பிளேன். மிக்-21 என்று பெயர். ரஷ்யா, சோவியத் என்று பெரிய நாடாக இருந்த காலத்தில் செய்த சண்டை விமானமாம். முன்னால் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கூம்பு, பக்கத்துக்கு ஒன்றாக முக்கோண இறக்கை. பெக்டரிப் புகைக்குழாய்க்கு யாரோ அவசரத்தில் இறக்கை வைத்து அனுப்பியது போல இருக்கும்.

வீட்டுக்காரர் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். நான் அந்த லொறிக்குக் கொழுந்து பறித்துப் போட்டவள். அந்த லொறியில் நான் ஏறாத நாள் குறைவு. ஆனால் ஏறியதெல்லாம் பின்னால், சாக்குகளோடு சாக்காக. முன் சீட்டு கணக்கப்பிள்ளைக்கு. கணக்கப்பிள்ளை வராத நாளில் அவருடைய குடைக்கு.

இரண்டு பேரும் வேலையை விட்டு, தோட்டத்து லயத்து வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு இருந்தபோது இவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மகள் பதுளைக்கே கூட்டி வந்துவிட்டாள். அவள் துணிக்கடையில் வேலை செய்கிறாள், மாப்பிள்ளை பஸாரில் கொம்பியூட்டர் திருத்துகிறார். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கம்பு ஊன்றி நடந்தார். கை மட்டும் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பேச்சும் குறைந்துபோனது. முன்பே குறைவு, அதிலும் குறைந்தால் என்ன மிச்சம்?

மாப்பிள்ளைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொம்பியூட்டர் முன்னால் உட்காரவைத்தார். வலது கைக்கு மேசையில் நிற்கிற ஒரு கம்பு. இடது கைக்கு ஒரு பெட்டி, அதில் முன்னும் பின்னும் போகிற ஒரு பிடி. அந்தப் பிடிதான் என்ஜின். மாப்பிள்ளை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். வீட்டுக்காரர் ஒரே தடவை பார்த்துவிட்டு, எக்சிலேட்டர் என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

ஆனால் இடது கை எழும்பவில்லை. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். நான் கதவோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களில் மாமியார் மாப்பிள்ளைக்குச் சமமாகக் கதிரையில் உட்காருவதில்லை. மாப்பிள்ளை ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அத்தை, இப்பிடி ஒக்காந்து இதக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க. மெதுவா."

வெங்காயக் கையோடு தள்ளினேன். பிளேன் ஓடியது. பென்ஷனுக்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்த கதை இதுதான். தேநீர் கொண்டுவந்த மகள், நாங்கள் மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து, கோப்பைகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வண்டியின் குணத்தை நாங்கள் லொறியை வைத்துத்தான் படித்தோம். எக்சிலேட்டரைத் தள்ளினால் உடனே கேட்காது. யோசிக்கும். சரி, செத்துப்போய்விட்டது என்று இன்னும் தள்ளினால் அப்போதுதான் முதல் தள்ளு போய்ச் சேர்ந்திருக்கும், முதுகில் உதைக்கும். கம்பை இழுத்து வளைத்தால் முதல் வளைவை நன்றாக எடுக்கும். விடாமல் இழுத்தால் முக்கோண இறக்கை காற்றை வாங்கிக்கொண்டு வேகத்தையெல்லாம் கொட்டிவிடும். நிறைந்த லொறி கொண்டை ஊசி வளைவில் நிற்பதுபோல உடம்பெல்லாம் நடுங்கும். அந்த நேரத்தில் கம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அது மறு பக்கம் விழும். கம்பைச் சாய்க்காமல் திருக வேண்டும், வால் திரும்பும், பிறகு உடம்பு வரும். இதை வீட்டுக்காரர் ஒரே காலையில் பிடித்துக்கொண்டார்.

பிளேனுக்குள் இருக்கிற மீட்டர் முள்ளுகளுக்குக் கீழே ரஷ்ய எழுத்து. நான் மூன்றாம் வகுப்பு, மாப்பிள்ளை கெம்பஸ் படித்தவர். அந்த எழுத்துக்கு முன்னால் இருவரும் ஒரே வகுப்பு. எண்ணெய் முள் இன்னும் விசேஷம். அதற்கு டாங்கிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. கிளம்பும்போது இவ்வளவு போட்டிருக்கிறோம் என்று நாமே திருகி வைக்க வேண்டும், அது அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். நாம் சொன்ன பொய்யை நமக்கே திருப்பிச் சொல்லும்.

மாப்பிள்ளை ரொக்கெட் விடச் சொல்லிக்கொடுக்க வந்தார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"அந்த வேல நமக்கு வேணாம் மாப்ள. இந்த நாட்டுல அது போதும் போதும்னு நடந்துருச்சு."

அதனால் நாங்கள் யாரையும் சுடவில்லை. ஏறினோம், மலையைச் சுற்றினோம், இறங்கினோம். அந்தக் கேமில் வருகிற நாட்டின் மலை கிட்டத்தட்ட எங்கள் மடுல்சீமை மாதிரி, மேலே பனி மட்டும் கூட. அவர் மேலே இருந்து ரோட்டைத்தான் தேடுவார். மாப்பிள்ளை ஒரு நாள் மிக்-29 என்று புதியதைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு என்ஜின், சொன்னவுடன் கேட்கிறது, எப்படி இழுத்தாலும் மன்னித்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இது தானே ஓடுது. நாம எதுக்கு?" என்று பழையதையே கேட்டார்.

ஏறுவதில் சிக்கல் இல்லை. இறங்கும்போதுதான் தினமும் வெடித்தோம்.

காரணம் நாங்கள் தோட்டத்து ஆட்கள் என்பதுதான். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து தேயிலைப் பெக்டரிக்கு முழுக்க இறக்கம். எங்கள் டிரைவர்கள் இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை கொடுக்கவே மாட்டார்கள். கியரை எடுத்துவிட்டு, பிரேக்கில் காலை வைத்து அப்படியே உருட்டிக்கொண்டு வருவார்கள். மிச்சமான டீசல் போத்தலில் வீட்டுக்கு வரும். என்ஜின் சத்தம் அடங்கிக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும்போது, பின்னால் இருக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்கைப் பிடித்துக்கொள்வோம். இவர் அதில் பெயர் எடுத்தவர். ஆகவே ரன்வே கண்ணில் பட்டதும், "இறக்கந்தானே, விட்டுடு புள்ள" என்பார். நானும் எக்சிலேட்டரை முழுக்க இழுத்துவிடுவேன். பிளேன் கல் மாதிரி விழும்.

மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். இந்த இறக்கை சின்னது. இறங்கும்போது என்ஜினிலிருந்து காற்றை எடுத்து இறக்கையின் பின் தட்டில் ஊதித்தான் அது தன்னைத் தாங்கிக்கொள்கிறது. என்ஜினை விட்டால் ஊதுகிற காற்றும் போய்விடும். திரும்பத் தள்ளினாலும் அது யோசித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

"இது இறக்கத்துலயும் எக்சிலேட்டர் கேக்குற வண்டி மாமா."

"அப்ப இத செஞ்சவன் சொந்தக் காசுல எண்ண அடிச்சவன் இல்ல," என்றார் வீட்டுக்காரர்.

ஆனால் பழக்கம் அவருடைய நாக்கை விட்டுப் போகவில்லை. விட்டுடு என்பார், நான் விடமாட்டேன். என் கை அந்தப் பிடியில் ஒரு மயிரிழை தள்ளும், ஒரு மயிரிழை இழுக்கும், என்ஜின் சத்தம் ஒரே சுருதியில் நிற்கும். அவர், "எவ்வளவு?" என்பார். நான் வேக முள்ளைப் பார்த்து, "முந்நூத்தம்பது" என்பேன். "இப்ப?" என்பார். ஒரு நாள் டொக்கென்று ஒரு சத்தம், வெடிக்கவில்லை, சக்கரம் ரன்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பட்டனை அமுக்கினேன், பின்னால் பாரசூட் விரிந்து வண்டியை இழுத்து நிறுத்தியது. அவர் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் புடிச்ச" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம், அவ்வளவுதான் அவருடைய புகழ்ச்சி.

அதன் பிறகு தினமும் காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் கொம்பியூட்டரைப் போட நான்தான் ஓடுவேன். அவர் என்னிடம் கேட்பார், நான் சொல்வேன், நான் சொன்னதை அவர் கேட்டு வண்டியைத் திருப்புவார். சந்தோஷமாக இருந்தது. சோற்றைப் பிசையும்போது அந்தக் கை கண்ணில் படும். அது விழுந்ததால்தானே எனக்கு இந்தக் கதிரை கிடைத்தது என்று தோன்றும். சோறு இறங்காது. மறுநாள் காலையில் மறுபடி ஓடுவேன்.

கிளினிக்கில் எக்சசைஸ் கொடுக்கிற மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. பாதித் தமிழ், பாதி சிரிப்பு. மாப்பிள்ளை ஏற்கெனவே அவளிடம் பிளேன் கதையைச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த லீவர் ஐயா இடது கையால பிடிக்கட்டும். சின்னச் சின்ன வேலை, அதுதான் கைக்கு நல்லம். விழுந்தா விழட்டும், கேம் தானே. நீங்க பிடிக்க வேணாம்."

நான் தலையை ஆட்டினேன். திரீவீலில் வரும்போது மிஸ் என்ன சொன்னாள் என்று இவர் கேட்டார்.

"அவசரப்பட வேணாமாம்," என்றேன்.

வாய் அப்படிச் சொல்லும் என்று எனக்கே தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்தது, பிளேனை ஓட்டினோம், அன்றைக்கு அழகாக இறக்கினோம், சொல்லவில்லை. ஒரு காலை போர்வையை மடிக்கப்போனால், அவருடைய இடது கைப் பெருவிரல் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் பிடித்திருக்கிறார். வேறு பெண்சாதியாக இருந்தால் பக்கத்து வீடு வரைக்கும் கூவியிருப்பாள். நான் விரலை மெதுவாகக் கழற்றிவிட்டுப் போர்வையை மடித்தேன். அன்றைக்கே எக்சிலேட்டர் பெட்டியை என் கதிரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். எனக்கு எட்டவில்லை என்று காரணம் வேறு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கை வரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்றும் சேர்த்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பக்கத்தில் இருந்த சூலத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே அரிக்க அரிக்க, வெளியே கவனிப்பு கூடியது. அவருக்கு மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தேன், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன், சட்டைப் பொத்தானை நானே போட்டுவிட்டேன். அம்மா அப்பாவை ராஜா மாதிரிப் பார்க்கிறாள் என்று மகள் கடையில் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடமும் வந்து சொன்னாள். ராஜா தன் பொத்தானைத் தானே போடக் கூடாது என்பதற்காகத்தான் ராணி இப்படி உழைக்கிறாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த கிளினிக்கில் மிஸ் தன் இரண்டு விரலை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, அமுக்கச் சொன்னாள். அவர் முகம் சிவக்க அமுக்கினார். மிஸ்ஸின் விரல் சும்மா வெளியே வந்தது.

"லீவர் பிடிக்கிறாரா அம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். மிஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, இந்த மாசங்கள்ல வாறதுதான் லேசா வரும். தள்ளிப்போனா கஷ்டம்."

இவர் பக்கத்திலேயே இருந்தார். "இனிப் புடிக்கிறேன் மிஸ்," என்றார். வீட்டுக்கு வந்து கம்பை ஊன்றிக்கொண்டு நேரே முன்னறைக்குப் போய்க் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"வா, ஒக்காரு."

நான் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போன தடவயே மிஸ் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"மிஸ் சொன்னது. எனக்குக் கைதான் விழுந்துச்சு புள்ள, காது இல்ல."

"அப்ப நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

அவர் ரன்வேயில் நிற்கிற பிளேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தன வருசம் தனியாவே ஓட்டியாச்சு," என்றார். "கணக்கப்புள்ள குடையோட என்னத்தப் பேசுறது?"

இதைக் கேட்டு நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். குளிரவில்லை. திருடினேன் என்றால் ஒப்புக்கொண்டு இரண்டு ஏச்சு வாங்கலாம், முடிந்தது. அவர் தெரிந்தே எடுத்துக்கோ என்று விட்டிருந்தால் யாரிடம் போய் ஏச்சு வாங்குவது? இரண்டு கிழங்களும் ஒரு கதிரைக்காக ஒரு கையைப் பணயம் வைத்திருக்கிறோம். அதுவும் கை அவருடையது, கதிரை என்னுடையது.

பெட்டியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். அவருடைய கையைத் தூக்கி எக்சிலேட்டரில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன். என் கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். எங்கே போகிறாய் என்றார். அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தால் என் கை சும்மா இருக்காது, அதுதான் உண்மை.

பிறகு தினமும் வெடித்தது. அந்தக் கை தள்ளினால் கடைசி வரை போய் இடிக்கும், பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்து, மலையைத் தாண்டுவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிடும். இழுத்தால் சொத்தென்று அடியில் விழும், பிளேனும் கூடவே விழும். அந்த வண்டிக்கு இரண்டுமே ஆகாது. குசினியில் இருந்து எனக்கு எல்லாம் கேட்கும். சில நேரம் பழக்கத்தில், "எவ்வளவு?" என்று கேட்பார். கொஞ்சம் கழித்து அவரே முள்ளை வாசிப்பார். நான் கத்தியை வைத்துவிட்டு, வெடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, மறுபடி காய் வெட்டுவேன்.

மாப்பிள்ளைக்கே பாவமாகிவிட்டது. மிக்-29ஐப் போட்டுத் தருகிறேன், அதில் கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும் என்றார்.

"தாங்கிக்கிச்சுன்னா கைக்கு என்ன வேல இருக்கு மாப்ள?" என்றார் இவர்.

மழை பெய்த ஒரு காலை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பிளேன் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று எனக்குத் தெரியும். சக்கரம் போட்டாயிற்று, தட்டு இறக்கியாயிற்று, ரன்வே முன்னால். என்ஜின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. கை களைத்துக் கீழே வழுக்குகிறது. கொஞ்சம் தள்ளுங்க என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. துருவல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சத்தம் இன்னும் இறங்கியது. பிறகு நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, அப்படியே நின்றது. அப்புறம் முக்கி முனகிக்கொண்டு, ஒரு இழை, இன்னும் ஒரு இழை, மேலே ஏறியது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்தச் சத்தத்தை ஏற்றியது அவருடைய இடது கைதான்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய இடி கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பிளேன் ரன்வேயை விட்டுப் புல்லில் கிடந்தது, ஒரு இறக்கை தனியாக. இவர் அதைப் பார்க்கவில்லை. எக்சிலேட்டர் மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது மாதிரி.

"பாத்தியா?" என்றார்.

"கேட்டேன். பிளேன ஒடச்சுட்டீங்க."

"அது மாப்ளயோடது," என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தேங்காய்க் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். கோப்பையை இடது கையில் எடுக்கிறார். பிளேனைப் பல நாள் முழுசாக இறக்குகிறார். அழைத்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து முள்ளை மட்டும் வாசிப்பேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. ஆனால் அவருடைய சுண்டு விரல் மட்டும் நிமிரவில்லை. உள்ளே மடிந்தே கிடக்கிறது. அது எப்படியும் வந்திருக்காது, நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மிஸ் சொல்கிறாள். நல்ல பிள்ளை. நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன்.

சாயந்திரம் அவர் டீவி பார்க்கும்போது அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தி, விட்டு, மறுபடி நிமிர்த்துவேன். நேற்று அவர் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்த விரல் எல்லாம் என்ன பாவம் செஞ்சிச்சு? இதையே புடிச்சுக்கிட்டு இருக்க."

"அதுக எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதுக. இதுதான் உங்களப் போல."

அவர் சிரித்துவிட்டு டீவிப் பக்கம் திரும்பினார். நான் விரலை விடவில்லை.